பெரட்டில் இரண்டு குரல்

முப்பத்தொரு வருஷம் பெரட்டில் பேர் கூப்பிட்டவன் நான். பூனாகலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், மேற்கணக்கு என்று சொல்லும் மேல்பிரிவில், காலை ஆறரை மணிக்கு நூற்றுச்சொச்சம் சனம் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கும் தலையில் கூடையுமாக வந்து நிற்கும். கணக்கப்பிள்ளையான நான் செக்ரோல் என்ற பேர்ப்பதிவை விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவேன். ‘வந்துட்டேங்க’ என்று குரல் வந்தால் அந்த ஆள் மலைக்குப் போகலாம். வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அதுதான் பெரட்டு. கணபதி ஐயா மேற்கணக்கில் பேர் கூப்பிட்டால் கீழ்க்கணக்கில் நாய் எழுந்து நிற்கும் என்று சனங்கள் என் தொண்டையைக் கேலி செய்வார்கள். கேலி செய்தாலும் பயம் இருந்தது.

அவ்வளவு பேரையும் அதட்டி வேலை வாங்கிய எனக்கு ஒரே ஒரு பேரைக் கூப்பிட மட்டும் ஒரு காலத்தில் நாக்குத் தயங்கியது. பாக்கியலெட்சுமி என்ற பேர். அந்தப் பேருக்கு இரண்டு ஆட்கள் இருந்தார்கள். அப்படி ஆக்கியவன் நான்தான்.

முதலாமவள் இராசையாவின் மகள். அவளுடைய அம்மாவுக்கு இழுப்பு வியாதி. மேடேறி வர நேரமாகும். நான் அம்மாவின் பேரைக் கூப்பிட்டதும் கூட்டத்துக்குள்ளிருந்து மகள் ‘வந்துட்டேங்கோ’ என்று குரல் கொடுப்பாள். மற்றவர்கள் எல்லாம் சட்டென்று முடிக்கிற வார்த்தையை அவள் ஒரு இழுப்பு இழுத்து முடிப்பாள். அந்த இழுப்பிலேயே எனக்குப் பிடிபட்டுவிடும். “அம்மாவுக்கு எப்பய்யா கொரலு மாறுச்சு?” என்று நான் கத்துவேன். பெரட்டே சிரிக்கும். அதற்குள் அம்மாக்காரி மூச்சிரைக்க வந்து சேர்ந்துவிடுவாள். பதினேழு வயதில் பாக்கியத்துக்கே செக்ரோலில் தனிப்பேர் விழுந்தது. அதற்குப் பிறகும் அம்மாவுக்கும் சேர்த்து அவள்தான் குரல் கொடுத்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கலவரத்தில் பெரட்டுக்களத்துக்கு வலப்பக்கம் வரிசை வீடாக இருந்த லயத்தைக் கொளுத்தினார்கள். பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் ஒரு பொழுதில் போயின. நாலாவது காம்பரா இராசையாவுடையது. நாலு நாள் காட்டுக்குள் ஒளிந்திருந்துவிட்டு, குடும்பத்தோடு வடக்கே வன்னிக்குப் போகிற லொறியில் ஏறினார். ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேர மட்டும் வெட்டிறாதீங்கய்யா. நெலம சரியானதும் வந்துருவோம். பேரு இருந்தாத்தான் திரும்பி வர ஒரு எடம் இருக்கும்.”

மாரியம்மன் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன். சத்தியத்தை மீறவும் இல்லை, ஏனென்றால் நான் அந்தப் பேரை வெட்டவில்லை. வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் இராசமணி வந்தாள். அவளும் லயம் எரிந்து வந்தவள்தான். வேறு தோட்டம், அதே நெருப்பு. தகப்பனும் போய், பிரஜாவுரிமைத் துண்டும் போய், உடுத்த சேலையோடு என் வாசலில் உட்கார்ந்து அழுதாள். துண்டு இல்லாத ஆளைப் பதிய முடியாது. பாக்கியத்தின் அதே வயது, அதே ஒல்லி உடம்பு. சும்மா கிடக்கிற பேர்தானே என்று நினைத்தேன். மறுநாள் பெரட்டில் பாக்கியலெட்சுமி என்று கூப்பிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு ‘வந்துட்டேங்க’ என்றாள். அடையாள அட்டை, கல்யாணம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாம் அந்தப் பேரில்தான் நடந்தன. தோட்டத்துக்கே தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. இப்படிப் பேர் மாறிப் பிழைத்தவள் அவள் ஒருத்தி மட்டுமா என்று நானும் என் மனதை அடக்கிவைத்தேன்.

இருபத்தைந்து வருஷம் அப்படியே ஓடியது. இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் தைப்பொங்கல் முடிந்த வாரம்தான் அது ஆரம்பித்தது.

அன்றைக்கு மூடுபனி. முன்வரிசையில் நின்றவர்களின் முகம் மட்டும்தான் தெரிந்தது. “பாக்கியலெட்சுமி!” என்று கூப்பிட்டேன். “வந்துட்டேங்க” என்றாள் இராசமணி. நான் பென்சிலை வைப்பதற்குள் வலப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

“வந்துட்டேங்கோ.”

இளம்குரல். கடைசியில் அந்த இழுப்பு.

“எவடி அது? பெரட்டுல வெளையாட்டா?” என்று கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. வழக்கமாக நான் கத்தினால் இரண்டு பேராவது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவார்கள். அன்றைக்கு அத்தனை பேரும் வலப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அங்கே எரிந்த லயத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

அந்த லயத்தை யாரும் திருப்பிக் கட்டவில்லை. இடுப்பளவுச் சுவரும் கதவு நிலைகளும் மட்டும் நின்றன. பெரட்டு கலைந்ததும் ஒரு தடியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாலாவது காம்பராவின் நிலையில் மேலிருந்து கீழ்வரை சிலந்தி வலை பின்னியிருந்தது. வலை முழுக்கப் பனித்துளி. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை. அந்த வழியாக யாரும் போகவும் இல்லை, வரவும் இல்லை.

மலை எதிரொலிக்கிறது என்று சனங்களிடம் சொன்னேன். இருபத்தொன்பது வருஷமாக அதே மலையைப் பார்த்துக் கத்துகிறேன், ஒரு நாளும் அது எனக்குப் பதில் சொன்னதில்லை. மறுநாள் ஒவ்வொரு பேரையும் ஒரே அளவில் கூப்பிட்டுப் பார்த்தேன். எந்தப் பேருக்கும் ஒன்றும் வரவில்லை. பாக்கியலெட்சுமிக்கு மட்டும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது.

இராசமணி மலைக்குப் போகாமல் என்னிடம் வந்து நின்றாள்.

“ஐயா, அவ பேர கேக்குறா.”

“யாரு?”

“உங்களுக்குத் தெரியாதா? செத்துட்டா போலங்க. செத்தவ பேர தேடிக்கிட்டு வந்திருக்கா. நான் என்னய்யா செய்ய? இத விட்டா எனக்கு வேற பேரு இல்லையே.”

“வாய மூடிக்கிட்டு மலைக்குப் போ” என்று அதட்டினேன். அந்த நாட்களில் வானொலியில் வன்னி யுத்தச் செய்திதான். சனங்கள் ஊர் ஊராகப் பின்வாங்கிக் கடற்கரை மணலில் ஒடுங்கிவிட்டார்கள் என்றும், அங்கேயும் ஷெல் விழுகிறது என்றும் கேள்விப்பட்டோம். இராசமணி தினமும் மலையிலிருந்து இறங்கியதும் நாலாவது காம்பரா நிலையில் சூடம் கொளுத்தினாள். வெற்றிலை பாக்கு வைத்தாள். தன் பழைய சேலை ஒன்றைக்கூட மடித்து வைத்தாள். அவள் வைத்ததெல்லாம் வைத்தபடியே கிடந்தன.

மாசி மாதம் ஒரு காலையில் நான் பேரைக் கூப்பிட்டபோது இராசமணி வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டாள். உதடுகளைப் பல்லால் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அந்தக் குரல் தனியாக வந்தது. உற்சாகமான, ஜெயித்துவிட்ட குரல்.

“வந்துட்டேங்கோ!”

என் கையிலிருந்த பென்சில் தானாகவே அந்தப் பேருக்கு நேரே அடையாளம் போட்டது. இன்றைக்கும் அந்தக் கையைப் பார்த்தால் எனக்குக் கூசுகிறது.

சித்திரை வருஷப்பிறப்புக்கு மூன்று நாள் லீவு விட்டோம். லீவு முடிந்து பெரட்டு கூடிய காலையில் குரல் வரவில்லை. அடுத்த நாளும் இல்லை. வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று பண்டாரவளையில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் காம்பராக் கதவுகளைச் சாத்திக்கொண்டு இருந்தோம். குரல் நின்றதில் எனக்கு நிம்மதி என்றால் நம்புவீர்களா? நிம்மதியாகத்தான் இருந்தது. பாக்கியத்தின் ஆவி அடங்கிவிட்டது, பாவம், போய்ச் சேர்ந்தாள் என்று கோயிலில் ஒரு தேங்காயும் உடைத்தேன்.

ஆடி மாதம் இரண்டு பொலிஸ்காரர்கள் ஒரு கடிதத்தோடு வந்தார்கள். வவுனியா முகாமில் ஒரு பெண் இருக்கிறாளாம். பேர் பாக்கியலெட்சுமி, தகப்பன் இராசையா, பிறந்தது இந்தத் தோட்டம் என்கிறாளாம். கையில் ஒரு பத்திரமும் இல்லை. விசாரித்து எழுத வேண்டும்.

“இந்தப் பேரில் ஆள் இருக்கிறாளா?” என்று சிங்களத்தில் கேட்டார் ஒருவர்.

நான் இராசமணியைக் கூப்பிட்டேன். அவள் அடையாள அட்டையை நீட்டினாள். என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு வேலை இல்லை, அவள் பிள்ளைகளுக்குப் பத்திரத்தில் தாய் இல்லை, எனக்கு ஜெயில். பொய் சொன்னால் முகாமில் இருக்கிறவள் கள்ளப் பேரில் ஒளிந்திருக்கும் இயக்கத்து ஆள். அந்த நாளில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் செத்தவள் எப்படி முகாமில் இருப்பாள்? மூன்று மாதம் அவளுடைய ஆவிக் குரலை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேனே. முகாமில் இருப்பவள் யாரோ ஒருத்தி, பேரைத் திருடியவள். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பேரைத் திருடுவதைப் பற்றி நினைக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போது தோன்றவில்லை.

“பாக்கியலெட்சுமி இவதான். வேற யாரும் இல்ல” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மறு வருஷம் ஆவணி மாதம், மத்தியானம் மழை விட்ட நேரத்தில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். நரைத்த தலை, இடது காலில் ஊனம், கையில் ஒரு பொலித்தீன் பை. அவளை யார் என்று எனக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தபோதும் தெரியவில்லை. அது கரகரத்த, உடைந்த குரல்.

“கணபதி ஐயா, நான் இராசையாட மகள் பாக்கியம்.”

பேய் என்றே நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தாள். தண்ணீர் குறைவதைச் செம்பில் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வன்னிப் பேச்சும் எங்கள் பேச்சும் கலந்து சொன்னாள். காட்டை வெட்டிக் குடிசை போட்டார்கள், கிணறு வெட்டினார்கள், விட்டுவிட்டு ஓடினார்கள். மறுபடி ஒரு ஊர், மறுபடி ஒரு கிணறு. ஏழு இடம். அம்மாவும் அப்பாவும் வெவ்வேறு ஊரில் புதைக்கப்பட்டார்கள். புருஷனைக் கிளிநொச்சிக்கு அந்தப் பக்கம் புதைத்தாள். கடைசியில் அவளும், பன்னிரண்டு வயது மகள் தர்மிளாவும் மட்டும் கடற்கரையில் ஒரு பங்கருக்குள் இருந்தார்கள்.

“விடியக்காலையிலதான் ஷெல் கூட வரும் ஐயா. பிள்ளை நடுங்குவா. அவளைச் சிரிக்க வைக்கிறதுக்கு நான் பெரட்டு விளையாட்டு விளையாடுவன். நீங்க கூப்பிடுற மாதிரித் தொண்டையப் பெருசாக்கி எல்லாப் பேரையும் கூப்பிடுவன். எண்ட பேரை நான் கூப்பிட்டதும் அவ முந்திக்கொண்டு குரல் குடுப்பா. நான் அம்மாவுக்குக் குடுத்த மாதிரி. அந்தக் கதையை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தன்.”

“எப்படிக் குடுப்பா?” என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அந்த உடைந்த தொண்டையால் அவள் முயற்சி செய்தாள். “வந்துட்டேங்கோ...” கடைசியில் அந்த இழுப்பு வந்தது. அவள் குரலில் அது பொருந்தவில்லை. பெரட்டில் நான் கேட்டது அவளுடைய குரலே அல்ல, மகளுடையது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எந்த மாசம் புள்ள அது?”

“பொங்கலுக்குப் பிறகு தொடங்கினது. சித்திரைப் பிறப்புக்கு அடுத்த நாள் வரைக்கும்.”

அன்றைக்கு ஷெல் பங்கரில் விழுந்தது. இவளுக்குக் கால் நசுங்கியது, மகளுக்கு வயிற்றில் காயம். காயப்பட்டவர்களைக் கப்பலுக்கு ஏற்றும் படகில் மகளை யாரோ தூக்கிக்கொண்டு போனதை மணலில் கிடந்தபடி பார்த்தாள். படகு போய்விட்டது. மகளைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை.

“எந்த ஆஸ்பத்திரியில கேட்டாலும் தாய் எண்டதுக்கு அத்தாட்சி கேக்கினம். பிள்ளைட பிறப்புப் பதிவில தாய் பேர் பாக்கியலெட்சுமி, தோட்டம் இதுதான் எண்டு இருக்கு. ‘அந்தப் பாக்கியலெட்சுமி தோட்டத்தில இருக்கிறா, கடிதம் வந்திருக்கு, நீ யார்?’ எண்டினம். பதினொரு மாசம் என்னை வேற இடத்தில வச்சிருந்து இதைத்தான் கேட்டவை. நீ யார், நீ யார் எண்டு.” அவள் என் காலைப் பார்த்துப் பேசினாள். “எனக்கு வேலை வேணாம், காம்பரா வேணாம். நான்தான் நான் எண்டு ஒரு துண்டு எழுதித் தாங்கய்யா. பிள்ளையத் தேடவேணும்.”

நியாயமான மனிதன் என்றால் அந்த நிமிஷமே எழுதியிருக்க வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. “நாளைக்குப் பெரட்டுக்கு வா. எல்லார் முன்னாலயும் கூப்புடுறேன். யாரு குரல் குடுக்குறாங்களோ அவங்களுக்கு எழுதுறேன்” என்றேன். முடிவை இரண்டு பெண்கள் தலையிலும் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்த்தேன்.

மறுநாளும் பனி. சனம் வழி விட்டு நின்றது. இடப்பக்கம் இராசமணி கூடையோடு, வலப்பக்கம் பாக்கியம் பொலித்தீன் பையோடு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் சாயந்தரம் முழுக்க இருவரும் இராசமணியின் காம்பராவில் அந்தக் குரலைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

“பாக்கியலெட்சுமி!”

இராசமணி வாயைத் திறக்கவில்லை. கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். இனி இது என்னுடையது இல்லை என்கிற மாதிரி இரண்டு அடி பின்னால் போனாள். இருபத்தாறு வருஷம் சுமந்த பேரை அவள் அப்படி இறக்கி வைத்தாள்.

பாக்கியம் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள்.

அப்போது எரிந்த லயத்துப் பக்கமிருந்து, நாலாவது காம்பராவிலிருந்து, அது வந்தது.

“வந்துட்டேங்கோ!”

பாக்கியம் பையைப் போட்டுவிட்டு ஊனக்காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். நிலையில் இருந்த சிலந்தி வலையைக் கையால் கிழித்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். உள்ளே நாயுண்ணிச் செடியும் பனியும்தான் இருந்தன. சுவரைத் தடவினாள், மண்ணைத் தடவினாள். பிறகு திரும்பி எங்களைப் பார்த்தாள். அந்த முகத்தில் அழுகை இல்லை, சந்தோஷம் இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“கேட்டீங்களா? எண்ட பிள்ளைதான்! போன முறை கேட்கேக்கையும் அவ உயிரோடதானே இருந்தவ? இப்பவும் உயிரோட இருக்கிறா. இல்லாட்டிக் குரல் வருமா?”

ஒவ்வொருவர் மனதிலும் வேறு ஒன்று இருந்தது. என் மனதிலும் இருந்தது. அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். முன்பு நான் சொன்னது பொய், இவள்தான் இராசையாவின் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சியாக இராசமணி தன் சொந்தப் பேரை எழுதினாள். எழுத்துக் கூட்டி எழுத வெகுநேரம் எடுத்தது. தோட்டத்துத் துரை என்னை வேலையை எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார், கெஞ்சி ஒரு வருஷம் தவணை வாங்கினேன். இராசமணியை மகன் கூட்டிக்கொண்டு போனான். அவளுடைய துண்டுக்காக இன்னும் அரசாங்கக் கச்சேரிக்கு நடக்கிறார்கள்.

பாக்கியம் வவுனியா பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பன் பிடித்த அதே இடத்தில் பிடித்தாள்.

“பேரை வெட்டிப் போடாதேங்கோ ஐயா. ஒவ்வொரு நாளும் கூப்பிடுங்கோ. அவ குரல் குடுத்தா எனக்கு அறிவியுங்கோ.”

மீதியிருந்த ஒரு வருஷமும் ஆள் இல்லாத அந்தப் பேரைக் கூப்பிட்டேன். புதிதாக வந்த பெண்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருத்தியும் சிரிக்கவில்லை. கூப்பிட்டுவிட்டு வலப்பக்கம் பார்த்து ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பேன். குரல் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேனா, வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேனா, எனக்கே தெரியாது. அது வரவே இல்லை. துண்டு இல்லாமல் இரண்டு பெண்கள் அந்த வருஷம் என் வாசலில் வந்து அழுதார்கள். ஆபீசில் மண்டியிட்டு அவர்களுக்கு வேறு வழி கேட்டேன். பாக்கியலெட்சுமி என்ற பேரை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை.